காசு கட்டாத குரல்கள்

ஏப்ரல் 6, ஞாயிறு

எனக்கு டைரி எழுதும் வழக்கமே கிடையாது. பாடக்குறிப்பு எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது. ஆனால் குழலி விடமாட்டேன் என்கிறாள். ஹைதராபாத்தில் வேலை பார்த்துக்கொண்டு மன்னார்குடியில் இருக்கும் தாய்க்கு வீட்டுப்பாடம் கொடுக்கிற மகள். ஒவ்வொரு குரலையும் கேட்டுப் பார்த்து, எது பரவாயில்லை, எதில் என்ன குறை என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கடைசியில் எல்லாம் குழம்பிவிடுமாம். கைடு கம்பெனிக்காரர் ஜனவரியில் பள்ளிக்குக் கொடுத்த டைரி வெறுமனே கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரர் வக்கீல் தெய்வசிகாமணிக்கு, கண்ணில் நீர் அழுத்தம். மூன்று வருஷத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டன. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். கேஸ் கட்டுகளை நான்தான் படித்துக் காட்டுகிறேன். கம்ப்யூட்டரில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைக் குழலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அது இலவசம். அதோடு வருகிற குரல்தான் சகிக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் பேசுகிற மாதிரி இருக்கும். நாங்கள் அதற்குத் தகரம் என்று பேர் வைத்திருக்கிறோம். நல்ல குரல் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி அதோடு சேர்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் டெமோ போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். குழலி மூன்று குரல்களுக்கு லிங்க் அனுப்பியிருக்கிறாள்.

அவசரம் எனக்குத்தான். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் வந்துவிட்டது. மே மாதம் கலந்தாய்வு. பக்கத்து ஊர் எதுவும் கிடைக்காது என்று சங்கத்தில் இப்போதே சொல்லிவிட்டார்கள். ஜூனில் நான் எங்கேயோ போய்ச் சேர வேண்டுமென்றால் அதற்குள் இவருக்கு ஒரு குரல் அமைய வேண்டும். அமையாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இங்கேயே கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

மாவு அரைக்க வேண்டும். மீதி நாளைக்கு.

ஏப்ரல் 7

முதல் குரல். பேர் கயல். ஒரு வாரம் இலவசம். இதை ஏற்றுவதற்குள் பிராணன் போய்விட்டது. எத்தனை இடத்தில்தான் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமுக்குவது? என்ன ஒப்புக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

உச்சரிப்பு சுத்தம். ஆனால் சிரித்துக்கொண்டே பேசுகிறாள். ஒரு பாகப்பிரிவினை வழக்கைப் படிக்க விட்டோம். ‘பிரதிவாதி அரிவாளுடன் வந்து கொலை மிரட்டல் விடுத்தார்’ என்பதைத் தள்ளுபடி விற்பனை அறிவிக்கிற மாதிரி சொன்னாள். இவர் சிரிக்கவே இல்லை. “ரீசார்ஜ் முடிஞ்சிபோச்சின்னு சொல்ல வந்தவ மாதிரியே இருக்கா” என்றார்.

குறிப்பு: பத்திரத்தில் ‘ரூ.’ என்று வந்தால் ‘ரூ புள்ளி’ என்று படிக்கிறாள்.

ஏப்ரல் 9

விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கிவிட்டது. பகல் முழுக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்து. சாயங்காலம் வந்து காப்பி குடித்துவிட்டு இவருக்கு ஒரு கட்டு முழுக்கப் படித்தேன். கயல் இருக்கும்போது நீ ஏன் படிக்கிறாய் என்று குழலி கேட்டாள். பழைய பத்திரமெல்லாம் கையெழுத்தில் இருக்கிறது, அதைக் கயல் படிக்க மாட்டாள் என்று சொன்னேன். இன்று படித்தது டைப் அடித்ததுதான். அதெல்லாம் அவளுக்கு எதற்கு?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். படிக்கும்போது சும்மா படிக்க வராது. நடுநடுவே ‘இந்தாளு பொய் சொல்றான்’, ‘அந்தப் பொண்ணு பாவம்’ என்று எதையாவது சொல்லிவிடுவேன். “நீ படிச்சாப் போதும், தீர்ப்பு சொல்ல வேணாம்” என்று இவர் அதட்டுவார். இன்றும் அதட்டினார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இவரைக் கையைப் பிடித்துக் கோர்ட்டுக்கு அழைத்துப் போகும்போது வழியில் இருக்கிற போர்டெல்லாம் படித்துக்கொண்டே போவேன். பாத்திரக் கடை, சித்த வைத்தியசாலை, புதிதாக வந்த துணிக்கடை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்தால் நின்று முழுதாகப் படிக்க வேண்டும். யார் போனார்கள், எந்தத் தெரு, யார் யார் பேர் போட்டிருக்கிறார்கள் எல்லாம் இவருக்குத் தெரிய வேண்டும்.

ஏப்ரல் 13

கயலுக்கு இன்றோடு கெடு. காலையிலிருந்து ‘வாங்குகிறீர்களா, வாங்குகிறீர்களா’ என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. இவரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. கேட்கப்போவது அவர் காது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். பாயசத்தில் சர்க்கரை போட்டோமா என்று சந்தேகம் வந்து இரண்டாம் தரமும் போட்டுவிட்டேன். இவர் முழுவதையும் குடித்தார். இவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இரண்டாவது குரல் ஏற்றினேன். முகில். ஆண் குரல், செய்தி வாசிக்கிற தோரணை. குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டெமோ என்பதால் சற்று நேரம் படித்ததும் அப்படியே நின்றுவிடுகிறான். மென்பொருளை மூடித் திறந்தால்தான் மறுபடி வாயைத் திறப்பான். “சாட்சிக்கூண்டுல நிக்கறவன் முக்கியமான கேள்வி வர்றப்ப தண்ணி கேப்பான் பாரு, அவன்தான் இவன்” என்றார் இவர்.

ஏப்ரல் 16

முகில் நின்றான். தண்ணீர் மோட்டாரும் நின்றது. முகிலை நான் ஓட்டிவிட்டேன். மோட்டாருக்கு ஆள் வரவில்லை.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி, முகாம் விடுமுறை. முகிலும் வேண்டாமாம். சரி.

இன்று ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. தாமரைச்செல்வி என்று ஒரு கட்சிக்காரர், மேலநத்தத்துக்காரர். அவர் வீட்டுக்குப் போகிற பாதையில் கொழுந்தனார் வேலி போட்டு அடைத்துவிட்டார். அந்தக் கட்டில் இன்னும் நான் படித்துக் காட்டாத ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தேன். அதிலிருந்த பட்டாத் தேதியை இவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கட்சிக்காரர் வாயால் சொன்னது என்றார். ஞாபகசக்தி குறையவே இல்லை. இவர் இயர்போனில் சார்ஜ்தான் தினமும் காலியாகிறது, பழையதாகிவிட்டது போல.

மூன்றாவது குரல்: நறுமுகை. இதைப் பற்றி எழுத வேண்டும். ஏற்றிவிட்டு அந்தப் பாதை வழக்கையே படிக்க விட்டேன். முற்றுப்புள்ளியில் நிற்கிறாள், மூச்சு விடுகிறாள், பெயர் வந்தால் கொஞ்சம் நிதானிக்கிறாள். ‘என் கணவர் இறந்த பிறகு’ என்ற இடத்தில் குரல் தானாகவே தாழ்ந்தது. என் தொண்டை நன்றாக இருந்த காலத்தில் நானும் இப்படித்தான் படித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. நான் ஒருநாளும் இப்படிப் படித்ததில்லை.

ஒரே தொல்லை, அவ்வப்போது நடுவில் ஓர் அறிவிப்பு வருகிறது: ‘நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மாதிரிப் பதிப்பு. தொடர்ந்து பயன்படுத்த முழுப் பதிப்பை வாங்கவும்.’ அதையும் அதே உருக்கத்தோடுதான் சொல்கிறாள். காசு கட்டினால் அது போய்விடும்.

“இது போதும் மங்கை. இதையே வாங்கிடு” என்றார் இவர்.

எனக்கு நிம்மதி.

ஏப்ரல் 20

காசு கட்ட உட்கார்ந்தேன். இவர் பக்கத்து நாற்காலியில். கார்டு நம்பரெல்லாம் போட்டு, போனுக்கு ஓடிபி வந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் நேரம் முடிந்துவிட்டது என்று காட்டியது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். அவசரமில்லை, அறிவிப்பு வந்தால் வந்துவிட்டுப் போகிறது.

ஏப்ரல் 22

குழலி கேட்டாள், வாங்கியாயிற்றா என்று. சர்வர் சரியில்லை என்றேன். அவள் ஏதோ ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள்.

ஏப்ரல் 24

இதை எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

தாமரைச்செல்வி வழக்கில் வேலியை எடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்டு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. கோடை விடுமுறைக்கு முன் உத்தரவு வாங்கிவிட வேண்டும் என்று இவருக்கு அவசரம். நானோ முகாமில். இவர் இளவயதில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர், விரல் இன்னும் மறக்கவில்லை. தானே உட்கார்ந்து முழுவதையும் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

கோர்ட் எதிரில் டைப்பிங் கடை வைத்திருக்கும் பாக்கியநாதன்தான் எப்போதும் எங்கள் மனுக்களை அடித்துக் கொடுப்பவர். அவரிடம் இருப்பது பழைய எழுத்துரு. இங்கே அடித்ததை அங்கே அனுப்பினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் அவர் எல்லாவற்றையும் திரும்ப அடிப்பார். வழக்கமாக நான் பக்கத்தில் நின்று படிப்பேன். நேற்று நான் இல்லாததால், இவர் நறுமுகையைப் படிக்கவிட்டு, அதைப் போனில் பதிவு செய்து பாக்கியநாதனுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டதைக் கேட்டபடி அடித்துவிட்டார். வக்கீல் சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட மாற்றக்கூடாது என்பது அவர் தொழில் சுத்தம். தாமரைச்செல்வி கையெழுத்துப் போட்டார். இவரும் போட்டார். படித்துச் சரிபார்க்க யாரும் இல்லை.

இன்று கோர்ட்டில் நீதிபதி ஐந்தாம் பத்தியை வாய்விட்டுப் படித்தாராம். ‘மேற்படி பாதையை நானும் என் குடும்பத்தாரும் நாற்பது ஆண்டுகளாக எவ்வித இடையூறுமின்றிப் பயன்படுத்தி வருகிறோம். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மாதிரிப் பதிப்பு. தொடர்ந்து பயன்படுத்த முழுப் பதிப்பை வாங்கவும்.’

கோர்ட்டே சிரித்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல், “வாதி பாதைய இன்னும் வாங்கலியாம், டெமோதான் பாத்துக்கிட்டிருக்காங்களாம்” என்று சொல்லி மறுபடி சிரிக்கவைத்திருக்கிறார். நீதிபதி தன்மையாகத்தான் நடந்துகொண்டார், திருத்தித் தாக்கல் செய்யுங்கள் என்று விடுமுறைக்குப் பிறகு வாய்தா போட்டுவிட்டார். தாமரைச்செல்விக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் வாய்க்கால் வரப்பில் நடை.

இதெல்லாம் இவரைக் கோர்ட்டிலிருந்து கூட்டி வந்த ஆட்டோக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, சாப்பிட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடச் சொல்லி அண்ணாந்து உட்கார்ந்தார். மருந்து விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்.

“அந்த அறிவிப்பு என் காதுல விழவே இல்ல மங்கை. தெனம் கேட்டுக் கேட்டு, அது வர்றதே தெரியல.”

எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காகத்தான். வேறு எதற்கு?

ஏப்ரல் 25

எல்லாக் குரலையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். தகரம் மட்டும் இருக்கிறது. அதை எடுத்தால் மென்பொருளே பேசாது.

மே 3

கோர்ட் விடுமுறை, பள்ளி விடுமுறை, முகாமும் முடிந்தது. மூன்று வேளையும் நான்தான் படிக்கிறேன். பேப்பர், கட்டுகள், வந்த தபால். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் படித்தால் குரல் கொஞ்சம் தாங்குகிறது. எனக்கொன்றும் சிரமமில்லை.

தாமரைச்செல்வி வந்திருந்தார். வேறு வக்கீலைப் பார்க்கச் சொல்லி மகன் சொன்னானாம். இவர் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றார். அந்த அம்மா கட்டைத் தொடவில்லை. “சிரிச்சவன் சிரிச்சிட்டுப் போறான். எனக்குப் பாதைதான் வேணும்” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து முருங்கைக்காய் எடுத்து வைத்துவிட்டுப் போனார். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். ருசி தெரியவில்லை.

மே 10

குழலியுடன் சண்டை. “அம்மா, உனக்குப் பொழைக்கிற வழி வருது, ஒரு குரலுக்குக் காசு கட்ட ஒனக்கு ஒரு மாசமா நேரம் இல்லியா?” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். நேரம் இல்லாதவளுக்குத்தான் நேரம் இல்லை என்று தெரியும். காலையில் எழுந்து பால் வாங்கி, சமைத்து, சட்டை தேய்த்து, கட்டுப் படித்து, சொட்டு மருந்து விட்டு, மறுபடி சமைத்து. சலித்துப்போய்விட்டது. இதைச் சொன்னால் அவள் சரியாக அதைப் பிடித்துக்கொண்டு, அதனால்தான் சொல்கிறேன் என்பாள்.

மே 15

கலந்தாய்வு. என் முறை வந்தபோது திரையில் மிச்சமிருந்த ஊர்களில் பாதி ஊரின் பேர் எனக்கு வாயிலேயே நுழையவில்லை. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம். எடுத்தேன். எடுத்தால் எடுத்ததுதான், சேராமல் விட்டால் பெயர் பட்டியலில் பின்னால் போய்விடும் என்று பக்கத்திலிருந்த டீச்சர் சொன்னார். சேர்வேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து ஆணையை இவருக்குப் படித்துக் காட்டினேன். என் பெயரை நானே படிப்பது ஒரு மாதிரியாக இருந்தது. ‘மங்கையர்க்கரசி, பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)’ என்று தொடங்கி முத்திரை வரைக்கும் படித்தேன்.

“வாழ்த்துகள் எச்செம் மேடம்” என்றார். போகட்டுமா என்று நான் கேட்கவில்லை. ரசம் வைத்தேன்.

மே 21

காலையில் சமையல் கேஸ் ஏஜென்சிக்குப் போக இறங்கினேன். தெருமுனை வரை போனபின்தான் சிலிண்டர் புத்தகத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு சத்தம். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி, நிற்காமல், படபடவென்று. ஏதோ ரிப்பேர் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது தகரம். அப்படி ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை.

இவருக்குப் புரிந்தது. நடுவில் ஓரிடத்தில் விசையைத் தட்டி நிறுத்தினார், “அதானே பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டார், பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார், ஏதோ அடித்தார். மறுபடி படபட. மேஜையில் தாமரைச்செல்வியின் கட்டு திறந்துகூட இல்லை.

நான் உள்ளே போகவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன்.

தலைவலி.

மே 22

சிலிண்டர் இன்னும் பதியவில்லை. மத்தியானம் கட்டுப் படிக்கச் சொன்னார். தொண்டை சரியில்லை என்றேன்.

மே 25

கேட்டுவிட்டேன். தோசை வார்த்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பது சுலபமாக இருந்தது.

“தகரத்த அந்த வேகத்துல எப்பலேர்ந்து கேக்குறீங்க?”

தோசையைப் பிட்டவர் நிறுத்தினார். பொய் சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. மார்ச்சிலிருந்தாம். முதலில் ஒன்றும் பிடிபடவில்லையாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினாராம். இப்போது நான் ஒரு மணி நேரம் படிப்பதை டீ ஆறுவதற்குள் கேட்டுவிடுகிறாராம்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை வைத்துவிட்டேன். முகாமில் பேப்பர் திருத்திவிட்டு வந்து தொண்டை கிழியப் படித்தேனே, அத்தனையும் ஏற்கெனவே கேட்டு முடித்ததா? ஆமாம் என்றார். பெரும்பாலும் ஆமாம். பிறகு எதற்காக அந்த மூன்று குரல்களையும் ஏற்ற வைத்து, கேட்டு, நொட்டை சொல்லி, என்னை ஆட்டிவைக்க வேண்டும்? தகரமே போதும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே.

கொஞ்ச நேரம் தட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருந்தா நீ படிக்கிறத நிறுத்தியிருப்ப. நீ படிக்கிறப்ப நடுவுல கோவப்படுவ பாரு, அந்தாளு பொய் சொல்றான், இவ பாவம்னு. அதுக்குத்தான். அந்த நல்ல குரலெல்லாம் நெசமாவே ஒரு ஆளு உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கு. படிச்சி முடிச்சதும் ஏதாவது ஒரு வார்த்த சொல்லுமான்னு காத்துக்கிட்டே இருக்கேன். சொல்ல மாட்டேங்குது. தகரத்துக்கிட்ட அப்பிடி எதுவும் எதிர்பாக்கத் தோணல.”

நான் அடுத்த தோசையை ஊற்றினேன். அவர் விடவில்லை.

“என்னெ மட்டும் கேக்குறியே. நறுமுகைக்குக் காசு கட்டாம விட்டது யாரு?”

பால் பொங்கிவிட்டது என்றேன்.

“நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். பால் பொங்கினா வீடே வாட அடிக்கும். அன்னிக்கி ஒரு வாடையும் வரல மங்கை.”

தோசை தீய்ந்துவிட்டது. அந்த வாடை வந்தது, இரண்டு பேருக்கும்.

பிறகு நான் அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் குரல் வந்துவிட்டால் எனக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று ஒரு நினைப்பு இருந்தது. வேலையில் அலுத்துப்போய், விட்டால் போதும் என்று கிடந்தவளுக்கும் அந்த நினைப்பு இருந்தது. காசு கட்டியிருந்தால் அவரைப் பார்த்துக் கோர்ட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை. அடுத்த தோசை முறுகலாக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, “சேர்ற தேதி என்னா?” என்றார். ஜூன் இரண்டு என்றேன்.

“போ. மெஸ்ஸுல சாப்பாடு சொல்லிக்கிறேன். சொட்டு மருந்த நானே விட்டுப்பேன், ரெண்டு சொட்டு கன்னத்துல போவும், போனாப் போவட்டும்.”

மே 31

துணி, குக்கர், ஒரு பாய், இரண்டு தட்டு. குளிரும் என்று எல்லோரும் சொல்வதால் ஸ்வெட்டர். இவர் மருந்து பாட்டில்களுக்கு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தேன், காலை மருந்துக்கு ஒன்று, ராத்திரி மருந்துக்கு இரண்டு. அலமாரியில் எது எங்கே என்று அவர் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். எல்லாம் தெரியும் என்றார். தெரிந்தாலும் முழுவதும் காட்டவிட்டார்.

ஜூன் 2

சேர்ந்துவிட்டேன். அறை கிடைத்தது. காலையில் நிஜமாகவே குளிர்கிறது.

ஜூன் 6

பஸ்ஸில் பள்ளிக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “எங்கிட்டியா பேசுறீங்க?” என்று கேட்டாள். விதை உரக் கடை, பல் மருத்துவமனை, கண்ணீர் அஞ்சலி என்று வழி நெடுக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இல்லம்மா என்றேன். அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு வந்தேன். சில போர்டுகள் கன்னடத்தில் இருக்கின்றன. அவற்றின் முன்னால் மட்டும் வாய் தானாகவே அடங்குகிறது.

பள்ளியில் கழிப்பறைக் கதவு இல்லை, கணக்கு ஆசிரியர் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு நானே கணக்கு எடுக்கிறேன். நல்ல எச்செம்.

ஜூன் 11

இவர் போன். மெஸ் சாம்பார் தண்ணீராம். கோர்ட்டுக்கு ஆட்டோக்காரர் கைபிடித்து அழைத்துப் போகிறாராம், ஆனால் போர்டு படிக்கமாட்டாராம். யார் செத்துப்போனார்கள் என்றே தெரியவில்லை என்று குறைப்பட்டார்.

அறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. தொண்டை நன்றாக இருக்கிறது. அப்படி நன்றாக இருந்து என்ன பயன்.

ஜூன் 18

சாயங்காலம் இவர் கூப்பிட்டார். உனக்கு வேலை இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் கேள் என்றார்.

தாமரைச்செல்வி வழக்கில் கொழுந்தனார் பதில் மனு தாக்கல் செய்திருக்கிறார். அதைத் தகரத்தில் போட்டு, வேகத்தை நன்றாகக் குறைத்து, ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, அது சொல்லச் சொல்ல இவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். ஒரு வரி கேட்பார், ஒரு வரி சொல்வார். இவர் எதையாவது படித்து நான் கேட்டு மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. முன்பெல்லாம் ராகம் போட்டு வேகமாகப் படிப்பவர். இன்று தடுக்கித் தடுக்கி, சேர்க்கக் கூடாத இடத்தில் சேர்த்து, எங்கள் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரிப் படித்தார். நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்டேன்.

மூன்றாம் பத்தி: அந்த இடத்தில் எக்காலத்திலும் பாதை என்று ஒன்று இருந்ததில்லை, அது அடர்ந்த கருவேலங்காடு, ஆள் நுழைய முடியாது. நான்கு, ஐந்து, ஆறில் குடும்பக் கதை. ஏழாம் பத்தி: வாதியின் மாடுகள் தினந்தோறும் அவ்வழியே வந்து தன் நெற்பயிரை மேய்ந்து நாசம் செய்ததால், வேறு வழியின்றி வேலி போட நேர்ந்தது.

“நிறுத்துங்க” என்றேன். “பொய் சொல்றான். மூணாம் பத்தியில பாதையே கெடையாது, ஆள் நுழைய முடியாதுன்னான். அப்பறம் மாடு மட்டும் எது வழியா வந்துச்சாம்?”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்வது கேட்டது.

“இத நான் காலையிலேர்ந்து நாலு தடவ கேட்டுட்டேன். தகரம் இத சொல்லவே இல்ல மங்கை” என்றார்.

முப்பது வருஷமாக வக்கீல் தொழில் பார்க்கிறவருக்கு இது பிடிபடாமலா இருந்திருக்கும்? நான் கேட்கவில்லை.

“அடுத்த பத்தி படிங்க” என்றேன்.